மாடுபிடிக்கு ஜாமீன் நின்ற நடிகர்கள்! வாக்கை காப்பாற்ற வேண்டியது யார்?

பெரம்பலூர்,

தை பிறந்தால் போதும். பெரம்பலூர், அரியலூர் பக்கம் இரண்டு பேச்சுதான் பெரிதாக அடிபடும். பொங்கலுக்கு வந்த படம் எப்படி? இந்த வருஷம் எந்தெந்த ஊரில் மாடு அவிழ்க்கிறார்கள்?

2017-ம் ஆண்டு ஜனவரியில் இந்த இரண்டு பேச்சும் ஒன்றாகிப் போனது. மாட்டை வதைக்கிறார்கள் என்று கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக, வெள்ளித்திரை நட்சத்திரங்கள் வாய் திறந்தார்கள். பேசியவரை ஜனங்கள் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். பேசாதவரை, "ஏன் பேசலே?" என்று சட்டையை பிடித்து கேட்டார்கள். எதிராக பேசியதாக சந்தேகப்பட்டவரை உண்டு இல்லை என்று ஆக்கினார்கள்.

ஆண்டுகள் ஓடிவிட்டன. வழக்கு முடிந்து, தீர்ப்பும் வந்துவிட்டது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் பாக்கி நிற்கிறது. மிருகவதை புகாரில் சிக்கியவருக்கு ஆதரவாக ஒரு பிரபலம் பேசினால், ஜனங்கள் எதை பார்த்து தீர்ப்பு சொல்கிறார்கள்? மிருகத்தை பார்த்தா? பேசிய ஆளை பார்த்தா?

குற்றவாளிக் கூண்டில் நின்றது யார்?

முதலில் வழக்கின் கதையை சுருக்கமாக பார்த்துவிடலாம்.

2006-ம் ஆண்டு ஐகோர்ட்டு மதுரை கிளையில் தனி நீதிபதி ஜல்லிக்கட்டுக்கு தடை போட்டார். மறு ஆண்டே இரண்டு நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் அதை மாற்றி, கட்டுப்பாடுகளுடன் நடத்தலாம் என்றது. 2009-ல் தமிழக அரசு ஜல்லிக்கட்டை ஒழுங்குபடுத்த சட்டம் கொண்டு வந்தது. 2011-ல் மத்திய அரசு, வித்தை காட்ட பழக்கக்கூடாத மிருகங்களின் பட்டியலில் காளையையும் சேர்த்தது. சிங்கம், புலி, கரடி, குரங்கு இருந்த பட்டியலில் நம்ம ஊரு காளையும் போய் நின்றது!

2014-ம் ஆண்டு மே 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்தது. விலங்குகள் நல வாரியம் கொடுத்த அறிக்கைகளை கோர்ட்டு எடுத்துக்கொண்டது. வாலை முறுக்குகிறார்கள், வாலை கடிக்கிறார்கள், கண்ணில் மிளகாய் பொடி தூவுகிறார்கள், சாராயம் புகட்டுகிறார்கள், கூரான பொருளால் குத்துகிறார்கள் என்று அந்த அறிக்கைகள் சொல்லின.

ஆக, குற்றவாளிக் கூண்டில் நின்றது ஒரு தனி ஆள் அல்ல. மாடு வளர்க்கிறவர், மாடு பிடிக்கிறவர், விழா நடத்தும் ஊர் பெரியவர் எல்லோருமே நின்றார்கள். பிள்ளை மாதிரி வளர்த்த காளையை வதைத்தோம் என்று சொன்னால் எந்த மாட்டுக்காரருக்குத்தான் ஆத்திரம் வராது? பருத்திக்கொட்டையும் தவிடும் கடன் வாங்கி போட்டவன் அவன். "எங்களுக்காக பேச யாருமே இல்லையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில்தான் நட்சத்திரங்கள் வந்தார்கள்.

பிரியாணி கேள்வி

2017 ஜனவரியில் சென்னையில் நடந்த ஒரு மாநாட்டில் நடிகர் கமல்ஹாசன் பேசினார். ஜல்லிக்கட்டுக்கு தடை வேண்டும் என்றால் பிரியாணிக்கும் தடை போடுங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். 2004-ல் வெளிவந்த "விருமாண்டி" படத்தில் ஜல்லிக்கட்டு காட்சியில் நடித்தவர் அவர். ஆகவே பேச்சு சும்மா காற்றோடு போகவில்லை. ஊர் ஊராக பரவியது.

அதே மாதத்தில் நடிகர் ரஜினிகாந்தும் ஒரு விருது விழாவில் பேசினார். அவர் சொன்ன விதம் வேறு. காயம் படாமல் இருக்க கட்டுப்பாடுகள் கொண்டு வாருங்கள், ஆனால் பெரியவர்கள் உண்டாக்கி வைத்த கலாச்சாரத்தையே ஒழிக்கக் கூடாது என்ற கருத்தில் பேசினார்.

இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து பாருங்கள். ஒன்று எதிராளியை மடக்கும் கேள்வி. மற்றொன்று கோர்ட்டுக்கு சொல்லும் சமாதானம். டீக்கடையில் எது எடுபட்டது? சந்தேகமே வேண்டாம், பிரியாணிதான்! கைதட்டல் வாங்கும் வசனம் அது. "கேட்டாரே ஒரு கேள்வி!" என்று தொடை தட்டியவர்கள் ஏராளம்.

ஆனால் அந்த கேள்வியில் ஒரு ஓட்டை இருந்தது. கறிக்கு வெட்டுவது சரியா தப்பா என்பது ஒரு வழக்கு. வாலை முறுக்கியது உண்மையா பொய்யா என்பது இன்னொரு வழக்கு. முதல் வழக்கை காட்டி இரண்டாவது வழக்கில் விடுதலை கேட்க முடியாது. பக்கத்து கடைக்காரர் எடை குறைக்கிறார் என்பதற்காக, நம்ம தராசை அதிகாரி சோதிக்காமல் விட்டுவிடுவாரா?

பிற்பாடு வழக்கை காப்பாற்றியது எது? கட்டுப்பாடு என்ற அந்த சாதாரண பேச்சுதான். அதை பின்னால் பார்க்கலாம்.

கைதட்டல் ஒரு பக்கம், கல்லடி ஒரு பக்கம்

அந்த ஜனவரி 17-ந் தேதி சென்னை மெரினா கடற்கரையில் இளைஞர்கள் திரள ஆரம்பித்தார்கள். பெரம்பலூர், அரியலூர் உட்பட தமிழ்நாடு முழுவதும் கல்லூரி மாணவர்கள் வகுப்பை விட்டு ரோட்டுக்கு வந்தார்கள். கட்சி கொடி கிடையாது. தலைவர் என்று ஒருவர் கிடையாது.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. சினிமா நட்சத்திரம் பேசினால் ஜனங்கள் மயங்கிவிடுகிறார்கள் என்று பொதுவாக சொல்வார்கள். மெரினாவில் அப்படி நடக்கவில்லை. அரசியல்வாதிக்கும் நடிகருக்கும் மேடை கிடையாது, வந்தால் மணலில் எங்களோடு உட்காருங்கள் என்ற மனநிலைதான் அங்கே இருந்தது. ஜனவரி 20-ந் தேதி நடிகர் சங்கம் சென்னையில் தனியாக மவுன போராட்டம் நடத்தியது. மாணவர்களின் போராட்டத்தை மறைத்துவிடக் கூடாது என்பதற்காக அதை டெலிவிஷனில் நேரடியாக காட்ட வேண்டாம் என்று சங்கமே தீர்மானித்தது. இசை அமைப்பாளர் ஏ.ஆர்.ரகுமான் அன்று உண்ணாவிரதம் இருந்தார். செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்த் ஆதரவு தெரிவித்தார்.

ஆதரித்தவர்களுக்கு கிடைத்தது பாராட்டு. மறுபக்கம் என்ன நடந்தது?

நடிகை திரிஷா. தெரு நாய்களை எடுத்து வளர்க்க சொல்லி "பீட்டா" அமைப்பின் பிரசாரத்தில் வந்தவர். ஜல்லிக்கட்டுக்கு தடை கேட்டு வழக்காடியதும் அதே பீட்டா. அவ்வளவுதான்! காரைக்குடி பக்கம் அவர் நடித்துக்கொண்டிருந்த படப்பிடிப்பை போராட்டக்காரர்கள் முற்றுகையிட்டார்கள். அவர் இறந்துவிட்டதாக கண்ணீர் அஞ்சலி படமே தயாரித்து செல்போனில் பரப்பினார்கள். நான் ஜல்லிக்கட்டுக்கு எதிரி அல்ல என்று அவர் சொல்லிப் பார்த்தார். எவர் காதிலும் ஏறவில்லை.

அப்போது அவருக்காக பேசியவர் யார் தெரியுமா? பிரியாணி கேள்வி கேட்ட அதே கமல்ஹாசன்தான்! திரிஷாவை காயப்படுத்தாதீர்கள் என்று அவர் ட்விட்டரில் கேட்டுக்கொண்டார். ஜல்லிக்கட்டுக்கு பேசியபோது கிடைத்த கைதட்டல் இதற்கு கிடைக்கவில்லை. நமக்கு பிடித்ததை சொன்னால்தான் நட்சத்திரத்தின் வாக்கு வேதவாக்கு. பிடிக்காததை சொன்னால் அது அவர் சொந்த அபிப்ராயம்!

நடிகர் சூர்யா விஷயம் இன்னொரு விதம். அவர் ஜல்லிக்கட்டை ஆதரித்தார். தன் படத்துக்கு விளம்பரம் தேடத்தான் ஆதரிக்கிறார் என்ற பொருளில் பீட்டா தரப்பில் கருத்து சொல்லப்பட்டது. சூர்யா வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். பீட்டா மன்னிப்பு கேட்டது. இங்கேயும் பாருங்கள். பேச்சு மாட்டை பற்றியதாக இல்லை. பேசியவரின் உள்நோக்கம் என்ன என்பதாகிவிட்டது.

இரண்டு தரப்பும் ஒரே காரியத்தைத்தான் செய்தன. மாட்டின் வாலை விட்டுவிட்டு ஆளின் சட்டையை பிடித்தன.

வடக்கே மான்

இது தமிழ்நாட்டு சமாச்சாரம் மட்டும் அல்ல. வடக்கே போனாலும் இதே கதைதான்.

1998 அக்டோபர் ஆரம்பத்தில் ராஜஸ்தான் மாநிலம் ஜோத்பூர் அருகே கங்காணி கிராமத்தில் இரண்டு வெளிமான்கள் சுடப்பட்டன. நம்ம கோடியக்கரையில் துள்ளித் திரியுமே, அதே ஜாதி மான். படப்பிடிப்புக்கு வந்திருந்த இந்தி நடிகர் சல்மான்கான் மீது வழக்கு. இருபது ஆண்டுகள் இழுத்தது. 2018 ஏப்ரல் 5-ந் தேதி ஜோத்பூர் கோர்ட்டு அவருக்கு 5 ஆண்டு ஜெயில் தண்டனையும் 10 ஆயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. அவரோடு குற்றம் சாட்டப்பட்ட மற்ற நடிகர், நடிகைகள் விடுதலை ஆனார்கள். இரண்டு நாள் கழித்து சல்மான்கானுக்கு ஜாமீன் கிடைத்தது. தீர்ப்பை எதிர்த்து அப்பீலும் போட்டார்.

தீர்ப்பு வந்த உடனே நடிகையும் எம்.பி.யுமான ஜெயாபச்சன், தனக்கு வருத்தமாக இருக்கிறது, சல்மான்கான் நிறைய மனிதாபிமான உதவிகள் செய்தவர், அவருக்கு சலுகை காட்ட வேண்டும் என்ற பொருளில் பேசினார்.

ரசிகர்கள் அழுதார்கள். ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி செலவுக்கு பணம் கொடுக்கிறவர் ஆயிற்றே என்றார்கள். இன்னொரு பக்கம், கோர்ட்டு வாசலில் பிஷ்னோய் சமூகத்தினர் வெடி வெடித்து கொண்டாடினார்கள். வெளிமானை தெய்வமாக மதிக்கும் ஜனங்கள் அவர்கள். அந்த ஊர்க்காரர்கள் கோர்ட்டு படி ஏறி சொன்ன சாட்சியத்தால்தான் வழக்கு இருபது வருஷம் உயிரோடு இருந்தது.

நல்லவர் என்பது ஒரு விஷயம். அன்று இரவு மானை சுட்டாரா என்பது வேறு விஷயம். தர்மம் செய்த கணக்கை வரவில் எழுதி, மான் கணக்கை செலவில் கழிக்க முடியுமா? கணக்குப்பிள்ளையை கேட்டால் அவரே சொல்வார், இரண்டும் வேறு வேறு பேரேடு என்று!

அமெரிக்காவில் நாய்

கடல் தாண்டி ஒரு கதை. அமெரிக்காவில் மைக்கேல் விக் என்று ஒரு கால்பந்து நட்சத்திரம். அந்த நாட்டு பாணி கால்பந்தில் கோடி கோடியாக சம்பாதித்தவர். வர்ஜீனியா மாநிலத்தில் அவருக்கு சொந்தமான இடத்தில் நாய் சண்டை நடத்தியது 2007-ல் அம்பலமானது. சரியாக சண்டை போடாத நாய்களை கொன்றதும் வெளியே வந்தது. ஆகஸ்டு மாதம் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

செப்டம்பர் 4-ந் தேதி பிரபல நடிகை ஊபி கோல்ட்பர்க், ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சியில் தொகுப்பாளராக சேர்ந்த முதல் நாள். விக் வளர்ந்த தெற்கு பகுதியில் சில இடங்களில் நாய் சண்டை சகஜம், அவர் வளர்ந்த சூழ்நிலையையும் பார்க்க வேண்டும் என்ற பொருளில் அவர் பேசினார். நாடே கொதித்தது. நாய் சண்டையை நான் நியாயப்படுத்தவில்லை என்று அவர் மறுநாளே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

"எங்க ஊர் பழக்கம்" என்ற அந்த வாதம் நமக்கு கேட்ட குரலாக இருக்கிறதே! ஜல்லிக்கட்டும் நாய் சண்டையும் ஒன்று அல்ல. ஒன்றில் மிருகம் சாகும்வரை சண்டை. மற்றொன்றில் மாடு வீட்டுக்கு திரும்பி வருகிறது, அடுத்த வருஷமும் வாடிவாசலுக்கு வருகிறது. ஆனால் பழக்கம் என்ற ஒரே காரணத்தை மட்டும் கோர்ட்டில் வைத்தால், இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். வித்தியாசத்தை காட்ட வேண்டியது பழக்கம் அல்ல, நடத்தை.

விக்குக்கு 23 மாத ஜெயில் தண்டனை கிடைத்தது. பிடிபட்ட நாய்களின் பராமரிப்புக்காக அவர் தலையில் சுமார் 9 லட்சத்து 28 ஆயிரம் டாலர் கட்டணம் விழுந்தது. வெளியே வந்தபின், மிருகவதையை எதிர்க்கும் அமைப்போடு சேர்ந்து, நாய் சண்டை வேண்டாம் என்று இளைஞர்களிடம் பேசினார். 2011-ல் நாய் சண்டைக்கு எதிரான மசோதாவை ஆதரித்து தலைநகர் வாஷிங்டனில் குரல் கொடுத்தார். மன்னித்தவர்களும் உண்டு, கடைசிவரை மன்னிக்காதவர்களும் உண்டு. ஆனால் மன்னித்தவர்கள் நடிகை சொன்னதற்காக மன்னிக்கவில்லை. அந்த ஆள் தண்டனை அனுபவித்து, பணம் கட்டி, தெருவில் இறங்கி பேசியதற்காக மன்னித்தார்கள்.

ஏன் இப்படி?

பிரபலம் வாய் திறந்ததும் ஜனங்கள் இரண்டு கட்சியாக பிரிவது ஏன்? காரணங்கள் வெளிப்படை.

முதல் காரணம், மிருகத்துக்கு வாய் கிடையாது. காளையோ, மானோ, நாயோ வந்து சாட்சி சொல்லாது. நடந்ததை பார்த்தவர் சிலர். கேட்டவர் கோடிப் பேர். கேட்டவர்களுக்கு முன்னால் தெரிவது பேசியவரின் முகம் மட்டும். தெரிந்த முகத்தை நம்புவது மனுஷ சுபாவம்.

இரண்டாவது காரணம், மானப் பிரச்னை. 2017-ல் ரோட்டுக்கு வந்த பையன்களில் வாடிவாசலை நேரில் பார்க்காதவர்கள் ஏராளம். அவர்களுக்கு அது மாட்டு பிரச்னை மட்டும் அல்ல. டெல்லியில் உட்கார்ந்துகொண்டு நம்மை கொடுமைக்காரன் என்கிறானே என்ற கோபம். அந்த கோபத்துக்கு ஒரு பெரிய முகம் ஆதரவு தந்தபோது, "நம்ம மானத்தை காப்பாத்திட்டார்யா" என்ற நிம்மதி.

மூன்றாவது காரணம் கொஞ்சம் கசப்பானது. பிரபலம் பேசிவிட்டால் நமக்கு வேலை மிச்சம்! யோசிக்க வேண்டாம், விசாரிக்க வேண்டாம். அவர் பக்கமா, எதிர் பக்கமா என்று ஒரு பக்கம் நின்றுவிட்டால் போதும். கடையில் வியாபாரம் பார்க்கிறவருக்கும், ஆபீசில் பைல் தள்ளுகிறவருக்கும் அதற்குமேல் நேரம் ஏது? இதில் அவர்களை குறை சொல்லி பிரயோஜனம் இல்லை. ஆனால் நஷ்டம் யாருக்கு என்பதை மட்டும் யோசிக்க வேண்டும்.

ஏழைக்கு எந்த நட்சத்திரம்?

நட்சத்திரம் வராத வழக்குகளும் உண்டு. அங்கே நடப்பதையும் பார்க்க வேண்டும்.

2016-ல் சென்னை புறநகரில் மாடியிலிருந்து ஒரு நாயை தூக்கி வீசும் வீடியோ செல்போனில் பரவியது. வீசியது ஒரு மருத்துவ மாணவர் என்று தெரியவந்ததும் ஊரே கொந்தளித்தது. அந்த நாய் எலும்பு முறிந்தும் உயிர் பிழைத்தது. அப்போதுதான் பலருக்கு ஒரு உண்மை தெரிந்தது. 1960-ம் ஆண்டு மிருகவதை தடுப்பு சட்டப்படி முதல் தடவை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான்! மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்.

ஐம்பது ரூபாய்! இன்றைக்கு ஒரு ஆள் ஓட்டலில் வயிறார டிபன் சாப்பிட முடியுமா அதில்? மிருகத்தை கொன்றாலோ முடமாக்கினாலோ 5 ஆண்டு வரை ஜெயில் என்று தண்டனை சட்டத்தில் தனி பிரிவு இருக்கிறது. பழைய சட்டத்திலும் இருந்தது, 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 325-வது பிரிவாகவும் இருக்கிறது. ஆனால் அடிப்பது, பட்டினி போடுவது, அளவுக்கு மேல் பாரம் ஏற்றுவது எல்லாம் ஐம்பது ரூபாய் கணக்கில்தான் வரும்.

சட்டம் இவ்வளவு பலவீனமாக இருப்பதால்தான் ஜனங்களின் ஆத்திரம் செல்போனில் தீர்ப்பு எழுதுகிறது. அதே சட்டம் பலவீனமாக இருப்பதால்தான் பிரபலத்தின் ஆதரவும் பெரிதாக தெரிகிறது. கோர்ட்டு தராசு ஆடாமல் நின்றால், இரண்டுக்கும் அவ்வளவு மவுசு இருக்காது.

மாட்டு வண்டிக்காரர் மீதோ, லாரியில் மாடு ஏற்றிப் போகிறவர் மீதோ கேஸ் விழுந்தால் எந்த நடிகரும் ட்விட்டரில் எழுதப் போவதில்லை. அவர் குற்றவாளியாக இருந்தாலும் சரி, நிரபராதியாக இருந்தாலும் சரி, அபராதத்தை கட்டிவிட்டு வீட்டுக்கு போக வேண்டியதுதான். பெரிய கூட்டம் பின்னால் இருந்தால்தான் பெரிய முகம் முன்னால் வரும் என்பதை யாரும் மறுக்க முடியாது.

தீர்ப்பு சொன்னது என்ன?

மறுபடி ஜல்லிக்கட்டுக்கு வருவோம். 2017 ஜனவரி 21-ந் தேதி தமிழக அரசு அவசர சட்டம் கொண்டு வந்தது. 23-ந் தேதி சட்டசபையில் மசோதா ஒருமனதாக நிறைவேறியது. ஜனாதிபதி ஒப்புதலும் வந்தது. அதை எதிர்த்து மீண்டும் வழக்கு. 2023 மே 18-ந் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு அரசியல் சட்ட பெஞ்ச், தமிழக சட்டம் செல்லும் என்று தீர்ப்பு சொன்னது.

ஊரெல்லாம் பட்டாசு வெடித்தது. ஆனால் தீர்ப்பில் எழுதியிருந்ததை படித்தவர் எத்தனை பேர்?

மாடு துன்பப்படவே இல்லை என்று கோர்ட்டு சொல்லவில்லை. 2014-ல் பார்த்த ஜல்லிக்கட்டு வேறு, புதிய சட்டமும் விதிகளும் வந்தபின் நடக்கும் ஜல்லிக்கட்டு வேறு. புதிய விதிகள் மாட்டின் வலியையும் துன்பத்தையும் பெருமளவு குறைக்கின்றன என்பதுதான் கோர்ட்டு சொன்ன காரணம். அத்தோடு நிற்கவில்லை. விதிகள் கண்டிப்பாக அமல் ஆக வேண்டும், அதற்கு மாவட்ட கலெக்டரும் சம்பந்தப்பட்ட அதிகாரிகளும்தான் பொறுப்பு என்றும் உத்தரவு போட்டது.

அதாவது, கோர்ட்டு கொடுத்தது நிபந்தனை ஜாமீன் மாதிரி! நிபந்தனையை மீறினால் என்ன ஆகும் என்று வக்கீல் குமாஸ்தாவை கேட்டாலே சொல்லிவிடுவார்.

நடிகர்கள் பேசியதும், மாணவர்கள் மணலில் படுத்ததும் சட்டத்தை கொண்டு வந்தன. அதை மறுக்க முடியாது. ஆனால் சட்டத்தை கோர்ட்டில் காப்பாற்றியது பிரியாணி கேள்வி அல்ல. கால்நடை டாக்டரின் பரிசோதனையும், இரட்டை தடுப்பு வேலியும், திமிலை மட்டும் பிடி என்ற விதியும்தான்.

இனி அன்னமங்கலத்திலும் திருமானூரிலும்தான்

இப்போது விஷயம் நம்ம வாசலுக்கே வந்துவிட்டது. பெரம்பலூர் மாவட்டத்தில் அன்னமங்கலம், அரியலூர் மாவட்டத்தில் திருமானூர் என்று ஜல்லிக்கட்டு நடக்கும் ஊர்கள் இங்கே உண்டு. அலங்காநல்லூர், பாலமேடு என்றால் டெலிவிஷன் கேமரா வரிசையாக நிற்கும். மந்திரி வருவார், கார் பரிசு கிடைக்கும். நம்ம பக்கத்து ஊர்களில் அவ்வளவு கேமரா கிடையாது. கேமரா இல்லாத இடத்தில்தான் விதி நிற்கிறதா விழுகிறதா என்பது தெரியும்.

விதிகள் ஒன்றும் கம்பசூத்திரம் அல்ல. மாட்டை அவிழ்ப்பதற்கு முன் கால்நடை டாக்டர் பார்க்க வேண்டும். போதை கொடுத்திருந்தாலோ, காயம் இருந்தாலோ மாடு களத்துக்கு போகக் கூடாது. கண்ணில் பொடி, உடம்பில் குத்து எதுவும் கூடாது. பிடிக்கிறவர் திமிலை மட்டும்தான் அணைக்க வேண்டும். வாலையோ கொம்பையோ பிடிக்கக் கூடாது. மாடு 15 மீட்டர் தூரம் ஓடும்வரை, அல்லது 30 வினாடி, அல்லது மூன்று துள்ளல். பிடித்து நின்றால் வெற்றி, அதற்குமேல் விட்டுவிட வேண்டும். வேடிக்கை பார்க்கிறவருக்கும் மாட்டுக்கும் நடுவே இரட்டை வேலி இருக்க வேண்டும்.

இதில் ஒன்றை விட்டாலும் நஷ்டம் யாருக்கு? ஒரு ஊரில் ஒருவன் ஒரு மாட்டின் வாலை முறுக்கியதை எவனோ செல்போனில் படம் பிடித்தால் போதும். அது நாளைக்கு கோர்ட்டு மேஜையில் சாட்சியாக விழும். 2014-ல் அப்படித்தான் விழுந்தது. அன்று அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூரில் பார்த்ததாக எழுதப்பட்ட அறிக்கைக்கு தமிழ்நாடே தண்டனை அனுபவித்தது. வால் முறுக்காத மாட்டுக்காரரும் சேர்ந்துதானே மூன்று பொங்கலுக்கு வாடிவாசலை மூடி வைத்தார்?

"நம்ம ஊர் விவகாரம், நமக்குள்ளே இருக்கட்டும், வெளியே சொன்னால் அசிங்கம்" என்று மூடி மறைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. தப்பை சுட்டிக்காட்டுகிறவரை ஊர் துரோகி என்று பேசுகிறவர்களும் உண்டு. திரிஷாவுக்கு நடந்தது சின்ன அளவில் ஊர் ஊராக நடப்பது இப்படித்தான். உண்மையில் அந்த ஆள்தான் ஊருக்கு நல்லது செய்கிறார். அவன் கோர்ட்டில் சொல்வதற்கு முன் இவர் களத்தில் சொல்கிறார்.

அதிகாரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. கால்நடை டாக்டர்கள் ஒரே காலையில் நூற்றுக்கணக்கான மாடுகளை பார்க்க வேண்டியிருந்தால் பரிசோதனை வெறும் சீட்டு எழுதும் வேலை ஆகிவிடும். எத்தனை டாக்டர் உண்டோ அதற்கு தகுந்த டோக்கன் கொடுப்பதுதான் முறை. டோக்கன் கேட்டு சிபாரிசுக்கு அலைகிறவர்களும், "ஒரு மாடு கூட விட்டால் என்ன?" என்று விழா கமிட்டியை நெருக்குகிறவர்களும் இதை கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஜாமீன்தாரர் வீட்டுக்கு போய்விட்டார்

ஜாமீன் நிற்கிறவர் என்ன செய்வார்? கோர்ட்டில் கையெழுத்து போடுவார். "இவர் நல்லவர், ஓடிப்போக மாட்டார்" என்று உறுதி சொல்வார். பிறகு தன் பிழைப்பை பார்க்க போய்விடுவார். வாய்தாவுக்கு வாய்தா வந்து நிற்க வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர்தான்.

2017-ல் நட்சத்திரங்கள் கையெழுத்து போட்டார்கள். தமிழன் மாட்டை வதைக்க மாட்டான், பிள்ளையாக வளர்க்கிறான் என்று உலகத்துக்கு சொன்னார்கள். அவர்கள் அடுத்த படத்துக்கு போயாகிவிட்டது. அதில் தப்பும் இல்லை. ஆனால் அந்த வாக்கு இன்னும் அமலில் இருக்கிறது. ஒவ்வொரு தை மாதமும் ஒரு வாய்தா. ஒவ்வொரு வாடிவாசலும் ஒரு கோர்ட்டு.

பிரபலம் யாருக்காவது பரிந்து பேசினால் கைதட்டலாம், கோபப்படலாம். அது ஜனங்களின் உரிமை. ஆனால் கைதட்டி முடித்த பிறகு ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும். அந்த மிருகத்துக்கு என்ன ஆச்சு? மானாக இருந்தால் அதை சுட்டது யார்? நாயாக இருந்தால் அது பிழைத்ததா? காளையாக இருந்தால் அதன் வால் நேராக இருக்கிறதா?

அடுத்த பொங்கலுக்கு அன்னமங்கலத்திலோ திருமானூரிலோ மாடு அவிழ்க்கும்போது எந்த நடிகரும் பக்கத்தில் இருக்கப் போவதில்லை. மாட்டுக்காரர் இருப்பார். பிடிக்கிற பையன் இருப்பான். வேலி ஓரம் நிற்கும் ஜனங்கள் இருப்பார்கள். சொன்ன வாக்கு நிஜமா பொய்யா என்பது இனி அவர்கள் கையில்தான்!